பரிணாமச் சூழலியலில் புது ஆய்வு உதவியாளரா? உங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதும் வழி

ஆய்வுக்குழுவில் சேர்ந்த முதல் வாரமே ஒரு சின்ன வேலை வந்து சேரும். "உங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள். பின்னணி, ஆர்வம் இரண்டும் இருக்கட்டும்." சேர்வதற்கு முன்பு, விண்ணப்பக் கடிதத்திலும் இதே பத்தியைத்தான் வேறு பெயரில் கேட்டிருப்பார்கள். பார்த்தால் எளிது. எழுத உட்கார்ந்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

நான் எழுதிய முதல் பத்தி, "சிறு வயதிலிருந்தே இயற்கையின் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்தது. பறவைகள் பிடிக்கும் என்று அடுத்த வரி. களப்பணியில் அனுபவம் உண்டு என்று அதற்கடுத்த வரி. குழுவை நடத்தியவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பறவைகளிடமிருந்து உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" நான் முழித்தேன். இப்போது அதே மாதிரிப் பத்திகளைப் படிக்கும் பக்கம் வந்துவிட்டேன். பத்தில் ஏழெட்டு என் பழைய பத்தியைப் போலவே இருக்கின்றன. எழுதியவர்களிடம் திறமை இல்லை என்பதல்ல, அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே கீழே உள்ள படிகளில் எழுதும் வேலை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவையே அதிகம்.

முதல் படி: துறை எதைக் கேட்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள்

சூழலியல், உயிர்கள் ஒன்றோடொன்றும் சுற்றுப்புறத்தோடும் எப்படி உறவாடுகின்றன என்று பார்க்கிறது. பரிணாம உயிரியல், தலைமுறை தலைமுறையாக அவை எப்படி மாறின என்று பார்க்கிறது. இரண்டும் உரசும் இடத்தில் பரிணாமச் சூழலியல் இருக்கிறது. இன்றைய இரை, எதிரி, வறட்சி, நோய் எல்லாம் சேர்ந்து அடுத்த தலைமுறையில் யார் இருப்பார்கள் என்பதை எப்படித் தீர்மானிக்கின்றன? அப்படி மாறிய உயிர்கள் திரும்பத் தம் சூழலை எப்படி மாற்றுகின்றன?

இதை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு ஆய்வை முழுதாகப் புரிந்துகொள்வது மேல். நான் எப்போதும் சொல்வது கரீபியன் கடலின் டிரினிடாட் தீவில் வாழும் கப்பி என்ற சின்ன நன்னீர் மீன்கள். அங்கே மலை ஓடைகளில் அருவிகள் உண்டு. அருவிக்குக் கீழே, வளர்ந்த கப்பிகளை விழுங்கும் பெரிய மீன்கள் இருக்கின்றன. பல ஓடைகளில் அவற்றால் அருவியைத் தாண்டி மேலே போக முடியவில்லை. அதனால் ஒரே ஓடையில் மேலே நிம்மதியான வாழ்க்கை, கீழே ஆபத்தான வாழ்க்கை. கீழே உள்ள கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சிறிய குட்டிகளை நிறையப் போடுகின்றன. மேலே உள்ளவை தாமதமாகப் பருவமடைந்து, பெரிய குட்டிகளைக் குறைவாகப் போடுகின்றன. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதபோது இன்றே பெற்றுவிடுவது லாபம்.

உயிரியலாளர் டேவிட் ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் இதைச் சோதித்த விதம்தான் அழகு. 1976இல் கீழிருந்து பிடித்த கப்பிகள், அதுவரை கப்பியே இல்லாத, பெரிய எதிரிகளும் இல்லாத மேல் ஓடை ஒன்றில் விடப்பட்டன. 11 ஆண்டுகள், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குப் பிறகு பார்த்தால், அவற்றின் வழித்தோன்றல்கள் தாமதமாகப் பருவமடைபவையாக மாறியிருந்தன. இது வெறும் இரை, வெப்பநிலை வேறுபாட்டின் விளைவாக இருக்கலாமே? அதனால் மீன்களை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒரே நிலைமையில் வளர்த்து, பேரக்குட்டிகளின் தலைமுறையில் அளந்தார்கள். வேறுபாடு அப்போதும் நின்றது. மரபிலேயே மாற்றம் வந்திருந்தது.

இந்தக் கடைசிப் படியைக் கவனியுங்கள். "இது மரபில் வந்த மாற்றமா, அல்லது அந்தந்த உயிர் சூழலுக்கு வளைந்துகொடுப்பதா?" என்ற கேள்வி இந்தத் துறையில் எங்கே போனாலும் குறுக்கே வரும். இங்கிலாந்தின் வைத்தம் காட்டில் 1947 முதல் கிரேட் டிட் என்ற சிறு பறவைகளைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். வசந்தம் முன்கூட்டியே வர வர, அரை நூற்றாண்டுக்குள் அவை முட்டையிடும் காலம் சுமார் 2 வாரம் முன்னே நகர்ந்துவிட்டது. பரிணாமம் என்று உடனே துள்ளத் தோன்றும். ஆனால் 2008இல் வெளியான பகுப்பாய்வு, ஒவ்வொரு பறவையும் அந்தந்த ஆண்டின் வெப்பத்துக்கு ஏற்பத் தன் நாளை மாற்றிக்கொள்வதே இதற்குப் பெரும்பாலும் போதுமான விளக்கம் என்று காட்டியது. கப்பிக்கு ஒரு விடை, டிட்டுக்கு இன்னொன்று. இந்த இரண்டையும் நண்பர் ஒருவருக்குத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால் முதல் படி முடிந்தது.

இரண்டாம் படி: பிடித்த விலங்கைக் கேள்வியாக மாற்றுங்கள்

"எனக்குத் தவளை பிடிக்கும்." நல்லது. எனக்கும் பிடிக்கும். ஆனால் இது ஆய்வு ஆர்வம் ஆகாது. தவளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வண்டை வைத்தாலும் உங்கள் பத்தியில் எதுவும் மாறவில்லை என்றால் அங்கே இன்னும் கேள்வி பிறக்கவில்லை.

மாற்றுவதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. விலங்கு நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன் 1963இல், ஒரே நடத்தையைப் பற்றி நான்கு தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம் என்று பிரித்துக் காட்டினார். உடலுக்குள் அது எப்படி இயங்குகிறது? பிறந்ததிலிருந்து எப்படி வளர்ந்து உருவாகிறது? உயிர் பிழைக்கவும் சந்ததி பெருக்கவும் அதனால் என்ன பயன்? மூதாதைகளிலிருந்து எப்படி வந்து சேர்ந்தது? நான்கும் வேறு வேறு; ஒன்றின் விடை மற்றொன்றின் விடையைத் தள்ளுபடி செய்யாது. புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான். "ஹார்மோன் காரணமாகப் பாடுகிறது", "துணையை ஈர்க்கப் பாடுகிறது" என்று இரண்டு பேர் சண்டை போடுவார்கள், இருவருமே சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு தாளை எடுத்து நான்காக மடியுங்கள். நடுவில் உங்களை ஈர்த்த ஒரு காட்சியை எழுதுங்கள். விலங்கின் பெயர் வேண்டாம், அது செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி. எந்தக் கட்டத்தில் பேனா தானாக ஓடுகிறதோ அதுதான் உங்கள் பக்கம். பயன், வரலாறு என்ற கடைசி இரண்டு கட்டங்களில் ஓடினால் பரிணாமச் சூழலியல் உங்களுக்குப் பொருந்தும். முதல் கட்டத்தில் மட்டுமே ஓடினால் உடலியங்கியல் குழு ஒன்றைத் தேடுங்கள். அங்கே நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள்.

சுவர்க்கோழியை வைத்துச் செய்து பார்ப்போம். இரவில் ஆண் கத்துகிறது. இறக்கைகளை உரசிச் சத்தம் எழுப்புகிறது என்பது முதல் கட்டம். பெண்ணை அழைக்கிறது என்பது மூன்றாவது. இப்போது கொஞ்சம் சூழலியலைச் சேருங்கள்: அந்தச் சத்தத்தைப் பெண் மட்டும்தானா கேட்கிறது? ஹவாய்த் தீவுகளில் ஒரு ஈ அதைக் கேட்டு வந்து, ஆணின் மேல் தன் புழுக்களை விடுகிறது. புழுக்கள் உள்ளே நுழைந்து அதை உயிரோடு தின்கின்றன. அவற்றில் ஒன்றான கவாய் தீவில் இந்தத் தொல்லை கடுமையாக இருந்தது. 2006இல் உயிரியலாளர் மார்லின் சுக் குழுவினர் வெளியிட்ட செய்தி இது: 20க்கும் குறைவான தலைமுறைகளுக்குள் அங்கே பெரும்பாலான ஆண்கள் ஊமையாகிவிட்டன. இறக்கையில் சத்தம் எழுப்பும் அமைப்பே இல்லாத ஒரு மரபு வடிவம் பரவிவிட்டது. அப்படியானால் ஊமை ஆண் பெண்ணை எப்படி அடைகிறது? இன்னும் கத்தும் சில ஆண்களின் அருகே போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்லோரும் ஊமையானால்? பார்த்தீர்களா, "எனக்குப் பூச்சி பிடிக்கும்" என்பதிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

இந்தத் துறையில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் கணக்காகவே வரும். கத்தினால் துணை கிடைக்கும், ஈயும் வரும். பறவையியலாளர் டேவிட் லாக் 1947இல், ஒரு பறவை எத்தனை குஞ்சுகளைப் பிழைக்க வைத்து வளர்க்க முடியுமோ அந்த அளவுக்கு முட்டையிடுகிறது என்று வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் கூடுகளில் குஞ்சுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது, பல பறவைகள் தம்மால் முடிந்ததைவிடக் குறைவாகவே இடுவது தெரிந்தது. இந்த ஆண்டு முழுச் சக்தியையும் செலவழித்தால் அடுத்த ஆண்டுக்குத் தாய் உயிரோடு இருக்க வேண்டுமே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உங்கள் கேள்வி தெளிவாக இல்லை என்றால், "இதனால் என்ன லாபம், அதற்கு என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

மூன்றாம் படி: பின்னணியைக் கணக்கெடுங்கள்

இங்கே பட்டத்தின் பெயரையும் மதிப்பெண்ணையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். அவை தன்விவரக் குறிப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. பத்தியைப் படிப்பவருக்கு, உங்கள் கை என்ன செய்து பழகியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நான் சொல்லும் முறை இது. கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்த எந்த வேலையையும் விடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல், ஒரு எண், ஒரு சிக்கல். "களப்பணி அனுபவம் உண்டு" என்பதில் மூன்றுமே இல்லை. "ஒரு பருவம் முழுக்க 60 கூடுப்பெட்டிகளை மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன், மழை நாட்களில் போக முடியாததால் முட்டை பொரிந்த தேதியைக் குஞ்சின் எடையை வைத்துக் கணித்தேன்" என்பதில் மூன்றும் இருக்கின்றன. சிக்கலை எழுதினால் பலவீனம் தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். உண்மையில் வேலை செய்தவருக்குத்தான் சிக்கல் தெரியும்.

உயிரியலே இல்லாத வேலைகளும் செல்லும். கணக்கு எழுதியது, கூட்டத்தைக் கட்டி மேய்த்தது, தோட்டம் பராமரித்தது, கேமரா பழுது பார்த்தது எல்லாம் களத்தில் உதவும். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதவியாளர் ஒருவர் அதற்கு முன் கிடங்கில் சரக்கு எண்ணிக்கை பார்த்தவர். அவர் கையில் ஒரு மாதிரிக் குப்பிகூடத் தொலைந்ததில்லை.

தெரியாதவற்றையும் நேராக எழுதலாம். "பிசிஆர் பயிற்சி வகுப்பில் செய்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை" என்பது மரியாதையான வாக்கியம் (பிசிஆர் என்பது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் ஆய்வக முறை). அதையே "மூலக்கூறு முறைகளில் தேர்ச்சி" என்று எழுதினால் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நான்காம் படி: அளப்பதிலும் பதிவு செய்வதிலும் கை பழகட்டும்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். உதவியாளரின் வேலையில் முக்கால்வாசி இதுதான், ஆர்வப் பத்திகளில் யாரும் எழுதாததும் இதுதான்.

பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவு. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973இல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளை அளக்கத் தொடங்கினார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய விதைகள் தீர்ந்துபோய், நெருஞ்சி வகைச் செடி ஒன்றின் முள் பொதிந்த கடினமான விதைகள்தான் மிஞ்சின. நடுத்தரத் தரைக் குருவிகளில் நூற்றுக்கு 80க்கும் மேல் செத்துப்போயின. தப்பியவற்றின் அலகு, வறட்சிக்கு முன்பிருந்த சராசரியைவிடத் தடிமனாக இருந்தது. அவற்றின் குஞ்சுகளும் அப்படியே. 1982-83இல் எல் நினோ மழை கொட்டித் தீர்த்த பிறகு சிறு விதைகள் பெருகின, இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவது) எதிர்த்திசைக்குத் திரும்பியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? சுமார் அரை மில்லிமீட்டர். அளந்தவர்களின் கை அரை மில்லிமீட்டர் நடுங்கியிருந்தால், இயற்கைத் தேர்வை நேரில் பார்த்த கதை நமக்குக் கிடைத்தே இருக்காது.

என் கை நடுங்கியதில்லை. வேறு தப்பு செய்தேன். ஒரு பருவத்தின் கடைசி இரண்டு வாரம் பழைய காலிப்பர் (நுணுக்கமாக நீளம் அளக்கும் கருவி) கெட்டுப்போக, புதியதை எடுத்தேன். அதைச் சுழியத்தில் வைத்துச் சரிபார்க்க மறந்துவிட்டேன். அந்த இரண்டு வாரம் அளந்த ஒவ்வொரு காலும் 0.3 மில்லிமீட்டர் நீளம் கூடுதல். தாமதமாகப் பொரிந்த குஞ்சுகளுக்குக் கால் நீளம் என்று ஒரு அருமையான முடிவு கிடைத்தது. ஒரு மாதம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். பின்பு குழுவில் ஒருவர் தேதிவாரியாக வரைபடம் போட்டபோது, ஒரே நாளில் எல்லாக் கால்களும் நீண்டிருப்பதைக் காட்டினார். நல்லவேளை, நோட்டில் காலிப்பர் மாற்றிய தேதியை எழுதி வைத்திருந்தேன். அதனால் திருத்த முடிந்தது.

சரி, பழகுவது எப்படி? எந்தப் பொருளாக இருந்தாலும் பரவாயில்லை: 30 இலைகளைப் பறித்து எண் போட்டு நீளம் அளந்து எழுதுங்கள். தாளை மூடிவிட்டு மறுநாள், வரிசையைக் கலைத்து, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே இலையின் இரு அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இலைக்கு இலை உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறியதாக இருந்தால் உங்கள் கை நம்பத்தக்கது. இந்தச் சோதனையை நீங்களாகவே செய்து பார்த்தீர்கள் என்று பத்தியில் ஒரு வரி இருந்தால் நான் அந்த விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைப்பேன்.

பதிவு செய்வதில் சில பழக்கங்கள். ஒரு வரிசைக்கு ஒரு அவதானிப்பு. பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல: பார்த்தேன், இல்லை என்றால் பூஜ்யம்; பார்க்கவில்லை என்றால் வெற்றிடம், பக்கத்தில் காரணம். களத்தாளை அன்றிரவே படம் எடுத்து வையுங்கள். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, திருத்தங்கள் எல்லாம் நகலில், அல்லது ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் எழுதிய நிரலில். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். எக்செல்லை முழுதாக நம்பிவிடாதீர்கள், அதற்குத் தேதி என்றால் தனி ஆசை. 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் கொண்ட மரபணுக்களை அது மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. 2016இல் ஒரு ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில், 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

இதனுடன் இரண்டு எச்சரிக்கைகளைக் கற்றுக்கொண்டால் எந்தக் குழுக் கூட்டத்திலும் பேச்சைப் பின்தொடரலாம். ஒன்று, சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் பெயரிட்ட சூடோரெப்ளிகேஷன், அதாவது ஒரே சோதனையைப் பல சோதனைகளாக எண்ணிவிடுவது. ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர், ஒவ்வொன்றிலும் 50 மீன் விட்டால், உங்களிடம் 100 சோதனைகள் இல்லை, இரண்டுதான் இருக்கின்றன. அந்தத் தொட்டியில் வேறு ஏதாவது கோளாறு இருந்தால் 50 மீனும் சேர்ந்தே அதை அனுபவிக்கும். அவர் அலசிய கள ஆய்வுகளில், புள்ளியியல் சோதனை செய்தவற்றில் 48% இந்தத் தவற்றைச் செய்திருந்தன. இரண்டாவது, பரிணாம உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் அழுத்திச் சொன்னது. 20 இனங்களை ஒப்பிடுகிறீர்கள். அவற்றில் 10 ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள் என்றால் அவை பத்துத் தனிச் சாட்சிகள் ஆகா. பாட்டனிடமிருந்து சொத்து வந்ததை ஒவ்வொரு பேரனும் தானே சம்பாதித்ததாக எண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: குழுவைத் தேர்ந்து, படித்து, எழுதுங்கள்

ஐம்பது குழுக்களுக்கு ஒரே கடிதம் அனுப்புவதை விடுங்கள். ஐந்து போதும். ஒவ்வொன்றின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டைப் படியுங்கள். சுருக்கத்தைத் தாண்டி முறைகள் பகுதிக்குப் போங்கள், உங்கள் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியையும் பாருங்கள். உதவியாளர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்களா என்பது அந்தக் குழுவின் குணத்தைக் காட்டும்.

நீண்டகால ஆய்வா, குறுகியகாலத் திட்டமா என்பதையும் யோசியுங்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஈ.கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். அன்றாடம் ஒரு துளியை எடுத்துப் புதிய குடுவைக்கு மாற்ற வேண்டும், 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சத்தை உறைய வைக்க வேண்டும். 70,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. 12இல் ஒன்று மட்டும், 30,000 தலைமுறைகளைக் கடந்த பிறகு, ஆக்சிஜன் இருக்கும்போதும் சிட்ரேட்டை (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) தின்னக் கற்றுக்கொண்டது. அதுவரை ஆயிரக்கணக்கான நாட்கள் விடாமல் குடுவை மாற்றியவர்கள் உதவியாளர்களும் மாணவர்களும். அப்படிப்பட்ட சங்கிலியில் நீங்கள் ஒரு கண்ணி. முடிவு உங்கள் காலத்தில் வராமலே போகலாம். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். எந்த வகை என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கடிதம் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். அவர்களின் கட்டுரையிலிருந்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்கள் பத்தி, எப்போதிலிருந்து வர முடியும் என்பது. புகழ்ச்சி வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: சம்பளம், தங்குமிடம், விடுமுறை, களத்தில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு, விலங்குகளைப் பிடிக்க அனுமதியும் பயிற்சியும் உண்டா, எவ்வளவு உழைத்தால் கட்டுரையில் பெயர் வரும். சம்பளமில்லாத வேலையைப் பற்றி என் கருத்து கறாரானது. இரண்டு வாரம் கற்றுக்கொள்ளப் போகலாம். ஆறு மாதம் உங்கள் செலவில் உழைக்கச் சொன்னால், அது வசதி உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் வாசல். முடிந்தால், அங்கே ஏற்கெனவே வேலை செய்தவர் ஒருவரோடு தனியாகப் பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: இப்போது எழுதுங்கள்

கேள்வி, செய்தது, செய்யாதது, அடுத்து வேண்டியது. இந்த வரிசை எனக்கு ஒத்துவருகிறது. 100 சொற்களுக்குள் போதும். நான் கற்பனையாக எழுதிய மாதிரி ஒன்று:

"தும்பியின் இளம்புழுக்கள் உள்ள நீரில் வளரும் தலைப்பிரட்டைகளுக்கு வால் அகன்றுவிடுகிறது. எல்லாக் குளத்துத் தலைப்பிரட்டைகளும் ஒரே அளவுக்கு இப்படி மாறுமா, தும்பிகளோடு பல தலைமுறை வாழ்ந்த குளத்தில் பிறந்தவை கூடுதலாக மாறுமா என்பது நான் விடை தேடும் கேள்வி. இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் 3 குளங்களின் முட்டைகளை 24 தொட்டிகளில் வளர்த்து, வாரம் ஒருமுறை படமெடுத்து வாலை அளந்தேன். பாதித் தொட்டிகளில் பூஞ்சை வந்துவிட்டதால் குளங்களை ஒப்பிட முடியவில்லை. ஒரே படத்தை இருமுறை அளந்து பிழையைக் கணக்கிட்டேன், தரவை ஆர் மொழியில் ஒழுங்குபடுத்தினேன். மரபணு வேலை தனியாகச் செய்ததில்லை. ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு, இந்தச் சோதனையை மறுபடி சரியாகச் செய்ய விரும்புகிறேன்."

இதில் 'ஆர்வம்' என்ற சொல்லே வரவில்லை. தோற்றுப்போன சோதனைதான் நடுவில் நிற்கிறது. நேர்காணலில் முதல் கேள்வி பூஞ்சையைப் பற்றித்தான் வரும், அதற்கு இவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.

எழுதியதும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். "தீராத", "அளவற்ற", "ஆழ்ந்த" என்று வரும் இடங்களை அடித்துவிடுங்கள். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் காட்டி, "எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று இதில் புரிகிறதா?" என்று கேளுங்கள். விலங்கின் பெயரை மட்டும் அவர் திருப்பிச் சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தியைப் புதுப்பியுங்கள். கேள்வி மாறியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பறவையில் தொடங்கி, இப்போது அவற்றின் கூட்டில் வாழும் உண்ணிகளிடம் வந்து நிற்கிறேன். பழைய நகலை மட்டும் அழிக்காமல், மேலே தேதி போட்டு வைத்திருங்கள், ஆண்டு முதலில் வரும்படி.